சம்பளம் குடுக்கிறது நீங்கதானே தம்பி!

உக்காருங்க தம்பி. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே, ராத்திரி தூக்கம் இல்லையா? எப்படி இருக்கும்? உங்க ராக்கி குப்பனூருக்கே சேர்த்து முழிச்சிருக்கறப்ப நீங்க மட்டும் தூங்கினா மரியாதையா இருக்காதே. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நேத்து வந்து, "எங்க சேவலுக்கு வேலையே இல்லாமப் போச்சுங்க"ன்னு வருத்தப்பட்டாரு. ஊரை விட்டுத் துரத்தணும்னு ஒரு பேச்சு இருக்கு. நாயையா, உங்களையாங்கறதுலதான் இன்னும் முடிவு வரலே.

நாயை அடக்க வழி கேக்கறீங்க. சொல்றேன். மொதல்ல அது எதுக்குக் கொரைக்குதுன்னு பாருங்க. வீட்டை ரோட்டு மேலயே கட்டி, கம்பி கேட்டு போட்டு, கேட்டுக்குப் பக்கத்துலயே சங்கிலியைப் பூட்டியிருக்கீங்க. ஏற்காட்டுல கோடை விழாக் கூட்டம் மிஞ்சினா, அடிவாரம் வழியா ஏறு, குப்பனூர் வழியா எறங்குன்னு ஒருவழிப் பாதை ஆக்கிடுவாங்க. எறங்கற வண்டியெல்லாம் உங்க கேட்டைத் தாண்டித்தான் போவணும். கார் வருது, ராக்கி 'வள்'ங்குது, கார் போயிடுது. வேன் வருது, 'வள் வள்', வேனும் போயிடுது. வண்டி தன் வழியில போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். ராக்கி கணக்குல, ஒத்தை ஆளா நின்னு மலைக்கூட்டத்தையே வெரட்டியடிச்சிருக்கு! தபால்காரர், கொரியர் பையன் எல்லாரும் வந்த வேலை முடிஞ்சதும் திரும்பிப் போறாங்க. அதுவும் ராக்கியோட வெற்றிதான். நாய் கொரைக்கறது கூலிக்குத்தான் தம்பி. கூலி கெடைக்கற வேலையை எந்த நாயும் விடாது.

நீங்க என்ன செய்யறீங்க? மாடியில நின்னு, "ராக்கி, ஷட் அப்!"னு கத்தறீங்க. அது காதுல என்ன விழும்? 'எஜமானும் வந்துட்டாரு, இன்னும் கொஞ்சம் தம் கட்டிக் கொரைப்போம்.' முந்தாநாள் ராத்திரி ரெண்டு பேர்ல யார் மொதல்ல நிறுத்தறாங்கன்னு கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். ராக்கிதான் பெருந்தன்மையா நிறுத்துச்சு.

வாங்கினதையாவது விசாரிச்சு வாங்கினீங்களா? காது தொங்குது, அழகா இருக்குன்னு பீகிள் வாங்கினீங்க. முயல் வேட்டையில நாய்க்கூட்டம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு வேட்டைக்காரனுக்குத் தெரியணும்னே, நல்லாக் குரல் கொடுக்கற குட்டியாப் பொறுக்கி இங்கிலாந்துல வளர்த்த இனம் அது. உங்க வீட்டுல முயலும் இல்லே, கூட்டமும் இல்லே, குரல் மட்டும் மிச்சம். ஆப்பிரிக்காவுல காங்கோ பக்கத்து பாசெஞ்சி அநேகமாக் கொரைக்காதுதான். ஆனா அதுவும் ராகம் இழுக்கும், வாங்கிட்டு வந்துடாதீங்க. நம்ம கோம்பை காவலுக்கே பேர் போனது. ராஜபாளையம் 2005-ல தபால் தலையிலயே ஏறிடுச்சு. தபால்காரரைப் பாத்துக் கொரைக்காத ராஜபாளையம் அது ஒண்ணாத்தான் இருக்கும்.

எல்லாக் கொரைப்பும் ஒண்ணு இல்லே. தடதடன்னு விடாம வந்தா வாசல்ல ஆள். ஒத்தையா, கீச்சுனு வந்தா வெளையாட்டுக்குக் கூப்புடுது. ஒண்ணு கொரைச்சு, நிறுத்தி, மறுபடி ஒண்ணுன்னு மணிக்கணக்கா இழுத்தா, அது தனிமை. ஹங்கேரியில 2005-ல ஆராய்ச்சிக்காரங்க மேய்ச்சல் நாயோட கொரைப்பைப் பதிவு பண்ணி ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. எந்தச் சந்தர்ப்பத்துல கொரைச்சதுன்னு, நாய் வளர்க்காதவங்ககூட குருட்டாம்போக்கில் சொல்றதைவிட நல்லாவே சொன்னாங்களாம். எங்க ஆயா அடுப்பங்கரையில இருந்துக்கிட்டே, "சொந்தக்காரன் வர்றான், ஒலையில ஒரு படி சேர்த்துப் போடு"ம்பா. அவளை யாரும் ஹங்கேரிக்குக் கூப்புடலே.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். மொதல் வேலை, கேட்டோட கீழ்ப்பாதிக்குத் தகரமோ பச்சை வலையோ கட்டுங்க. நாய்க்கு எடத்தைப் பின்பக்கம், மாமரத்தடிக்கு மாத்துங்க. ரோடு தெரியலேன்னா கூலி பாதி கொறைஞ்சிடும்.

ரெண்டாவது, யாராவது வந்து அது கொரைச்சா, ரெண்டு கொரைப்பு விடுங்க. அது அதோட கடமை. அப்புறம் பக்கத்துல போயி, எட்டிப் பாத்துட்டு, சாந்தமா "போதும்"னு ஒரே சொல். மூக்குக்கிட்ட ஒரு கோழித் துண்டைக் காட்டுங்க. மோந்து பாக்கறப்ப வாய் தானா மூடிக்கும். மூடினதும் ஒண்ணு, ரெண்டு எண்ணிட்டுக் குடுங்க. அடுத்த நாள் அஞ்சு எண்ணுங்க, அப்புறம் பத்து. இனிமே சும்மா இருக்கறதுக்குத்தான் சம்பளம்னு அதுக்குப் புரியணும். கோடை விழாவுல நாய்க் கண்காட்சியும் உண்டே, போய்ப் பாருங்க. நாயைப் பாக்காதீங்க, புடிச்சிருக்கறவங்க கையைப் பாருங்க. மூடின விரலுக்குள்ள ஒரு துணுக்கு இருக்கும். பக்கத்துல எத்தனை நாய் இருந்தாலும் அது வாயைத் தெறக்காம அந்தக் கையையே பாத்துக்கிட்டு நிக்கும்.

மூணாவது, நீங்க சாப்புடறப்ப தட்டுக்குப் பக்கத்துல நின்னு கொரைக்குதே, அதுக்கு முதுகைக் காட்டிடுங்க. மொதல்ல ஜாஸ்தியாத்தான் கத்தும். நேத்து வரைக்கும் வந்த கூலி வரலேன்னா யாருமே கத்தத்தான் செய்வாங்க. அப்ப மனசு எளகி நாலாவது நாள் ஒரு இட்லியைப் போட்டீங்களோ, நாலு நாள் கத்தினா இட்லி வரும்னு நீங்களே பாடம் சொல்லிக் குடுத்த மாதிரிதான்.

நாலாவதுதான் முக்கியம். நாய்க்கு வேலை இல்லே, நிக்க நேரமில்லேம்பாங்க. உங்க ராக்கிக்கு வேலையும் இல்லே, ஓட எடமும் இல்லே. சங்கிலி எட்டற தூரத்துக்குப் புல்லு தேஞ்சு வட்டமா மண்ணு தெரியுதே, பாக்கலையா? காலையும் சாயங்காலமும் நடத்திக் கூட்டிட்டுப் போங்க. இழுத்துக்கிட்டு ஓடாதீங்க, நின்னு மோந்து பாக்க விடுங்க. நாய்க்கு மூக்குதான் பேப்பர். மேல காபித் தோட்டப் பக்கம் போனா கயித்தை மட்டும் விட்டுடாதீங்க, காட்டெருமை நடமாடுது. தனியா விட்டுட்டுப் போறப்ப தேங்காத் தொட்டியில சோத்தை அழுத்தி வெச்சுக் குடுங்க, நக்கி முடிக்க நேரம் ஆகும். மொதல்ல ஒரு நிமிஷம் போயிட்டு வாங்க, அப்புறம் அஞ்சு நிமிஷம். அது கத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி திரும்பி வந்துடறதுதான் சூட்சுமம்.

இது எதுவும் வேண்டாம், கழுத்துல ஷாக் அடிக்கற பட்டை வாங்கி மாட்டிடறேங்கறீங்களா? வேல்ஸ் நாட்டுல 2010-லயே அதைத் தடை பண்ணிட்டாங்க. தபால்காரரைப் பாக்கறப்பல்லாம் கழுத்துல சுள்ளுன்னு விழுந்தா, வலிக்குக் காரணம் தபால்காரர்தான்னு நாய் முடிவு பண்ணிடும். அப்புறம் கொரைக்காது, கடிக்கும். வாய்ப்பூட்டை நாள் பூரா மாட்டறதும் ஆகாது. நாய் வாயைத் தெறந்து மூச்சு எரைச்சுத்தான் ஒடம்புச் சூட்டைத் தணிச்சுக்கும். தீவாளி வெடிக்கு அலறினா திட்டாதீங்க, அது பயம். உள் ரூம்ல ஃபேனைப் போட்டு, ரேடியோவைப் பாட விட்டு, பக்கத்துல இருங்க. இதுவரைக்கும் சும்மா இருந்த நாய் திடீர்னு கத்தினாலோ, கெழட்டு நாய் நடுராத்திரி சொவத்தைப் பாத்துக் கொரைச்சாலோ, அது குறும்பு இல்லே. வலியோ, காது கண்ணு மங்கினதோ இருக்கும். மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

சட்டமும் சொல்லிடறேன், படிச்சவர் நீங்க. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்துல விடாமப் பேசி வழி பண்ணினது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதுல 11-ஆம் பிரிவு. குட்டைச் சங்கிலியில ரொம்ப நேரம் கட்டி வெச்சாலும் குத்தம். எப்பவும் கட்டியே கெடக்கற நாயை நடக்க விடாம வெச்சிருந்தாலும் குத்தம். மொதல் தடவை அபராதம் 10 ரூபாயிலேருந்து 50 ரூபாய் வரைக்கும். 'அம்பது ரூபாதானே'ன்னு பாக்கெட்டைத் தொடாதீங்க, குத்தவாளிங்கற பேர் அம்பது ரூபாயோட போயிடாது. பிராணிகள் நல வாரியம் 2015-ல சொன்னதும் நியாயம்தான்: கொரைக்கறது நாயோட சுபாவம், அக்கம்பக்கம் பொறுத்துக்கணும், ஓயாமக் கொரைச்சா, முக்கியமா ராத்திரியில, அமைதிப்படுத்த வளர்க்கறவர் எல்லா முயற்சியும் எடுக்கணும். ஊர்க்காரங்க எங்க பங்கைச் செஞ்சுட்டோம் தம்பி, பொறுத்துக்கிட்டோம்.

ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. நீங்க "போதும்"ங்க, அம்மிணி "சும்மாயிரு"ங்க, கொழந்தை பிஸ்கட்டைப் போடன்னு வீட்டுக்குள்ளயே ஆளுக்கு ஒரு சட்டம் இருந்தா ராக்கி திருந்தாது. எல்லாரும் ஒரே சொல், ஒரே மாதிரி நடத்தை. நாயைப் பழக்கறது லேசு. கஷ்டம் பூரா வீட்டு மனுசங்களைப் பழக்கறதுலதான்.