வருக வருக, வாசலில் நிற்க

திறமூல மென்பொருள் திட்டம் எதைத் திறந்து பார்த்தாலும் முகப்பில் தேனொழுக வரவேற்பு எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், நிரலைத் திருத்தலாம், அனுப்பலாம். பட்டம் கேட்க மாட்டோம், பாஸ்போர்ட் கேட்க மாட்டோம். சம்பளம் மட்டும் நீங்கள் கேட்கக் கூடாது.

நம்பி ஒருவர் வருகிறார். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பிழையைத் தேடிப் பிடித்து, திருத்தி, டெஸ்ட்டும் எழுதி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார். முதலில் வருவது ஒரு பாட், தானியங்கி நிரல். கம்பெனி நடத்தும் திட்டமென்றால் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும். நீங்கள் ஓசியில் தருவதை நாளைக்கு நாங்கள் எந்த உரிமத்தின் கீழும் வைத்துக்கொள்வோம், இன்றைக்கே தலையாட்டிவிடுங்கள் என்பதே பெரும்பாலும் அதன் சாரம். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தன் டெராஃபார்ம் மென்பொருளின் திறமூல உரிமத்தை மாற்றியபோதுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று பலருக்கு உறைத்தது.

கையெழுத்துப் போட்டாயிற்றா? இனிக் காத்திருக்கலாம். சில வாரம் கழித்து ஒருவர் வந்து, வேரியபிளின் பெயர் சரியில்லை என்பார். மாற்றுவீர்கள். இன்னொருவர் வந்து பழைய பெயரே தேவலை என்பார். அதையும் மாற்றுவீர்கள். அதற்குள் கீழே நிரல் நகர்ந்து கான்ஃப்ளிக்ட் வந்திருக்கும். ரீபேஸ் செய்யச் சொல்வார்கள். செய்வீர்கள். பிறகு மௌனம். மௌனம் போதுமான அளவு முற்றியதும் வேறொரு பாட் எட்டிப் பார்க்கும்: நெடுநாளாக இதில் அசைவில்லை, மூடுகிறோம், பங்களிப்புக்கு நன்றி. அசையாமல் இருந்தது யார் என்று பாட்டிடம் கேட்க முடியாது. நன்றி சொன்ன ஒரே ஜீவனும் அதுதான்.

அதே நாளில் கம்பெனி ஊழியரின் இரண்டாயிரம் வரி நிரல் காலையில் வந்து, காபி ஆறுவதற்குள் பச்சைக்கொடி வாங்கி உள்ளே போயிருக்கும். அவர் சிறப்பு தரிசனம், நீங்கள் தர்ம தரிசனம்.

தகுதி ஒன்றே அளவுகோல் என்பது இந்த உலகத்தின் வேதவாக்கு. 2017-ல், திறமூலத் திட்டங்கள் குடியிருக்கும் கிட்ஹப் தளத்தை ஆராய்ந்தவர்கள் அந்த அளவுகோலை எடுத்துப் பார்த்தார்கள். திட்டத்துக்கு வெளியாளாக வரும் பெண்கள், பெண் என்று தெரியாதவரை, அனுப்பியதில் 71.8 சதவீதம் ஏற்கப்பட்டது. பெண் என்று தெரிந்தபோது 62.5. ஆண்களுக்கும் சரிவு உண்டு, இவ்வளவு இல்லை. புரொஃபைல் படம் மாறினால் நிரலின் தரம் குறைகிறது போலும்!

கான் கொலிவாஸ் கதை இன்னும் ருசியானது. மெல்பர்னில் மயக்க மருந்து மருத்துவர். ஓய்வு நேரத்தில் தானே நிரலெழுதக் கற்று, லினக்ஸ் கெர்னலில் பல வேலைகளுக்கிடையே பிராசசரைப் பங்கிடும் ஷெட்யூலரை நியாயமான பங்கீடாக மாற்ற ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். 2007-ல், ரெட் ஹாட் நிறுவன ஊழியரான இங்கோ மோல்னர் அதே நியாயப் பங்கீட்டுக் கொள்கையில் புதிய ஷெட்யூலர் ஒன்றை 62 மணி நேரத்தில் எழுதி அறிவித்தார். வழிகாட்டியவர் கொலிவாஸ் என்று பெயர் சொல்லவும் தவறவில்லை. பெயர் மருத்துவருக்கு, இடம் ஊழியருக்கு. கொலிவாஸ் விலகிப் போனார். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் தோர்வால்ட்ஸ் சொன்ன காரணம்: குறை சொன்ன பயனர்களோடு கொலிவாஸ் வாதாடினாராம், பொறுப்பாகப் பராமரிப்பார் என்ற நம்பிக்கை வரவில்லையாம். மடல்களில் ஆட்களைத் தாக்கியதற்காக 2018-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தவர் சொன்ன காரணம் இது.

இதற்காக, வரும் நிரலைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளர்களை எல்லாம் திட்டித் தீர்க்கலாம் என்றால் மனசு வரவில்லை. பெரும்பாலோர் அவர்களும் ஓசிக்கு உழைக்கிறவர்கள்தான். நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டீ-சர்ட் என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற பங்களிப்பு விழாவை நடத்தியபோது அவர்கள் தலையில் கொட்டிய குப்பை கொஞ்சநஞ்சமல்ல. நம் நாட்டு யூடியூப் வாத்தியார் ஒருவர் செய்து காட்ட, ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பங்களிப்பாளராகிவிட்டோம் என்று ஒரு கூட்டமே படையெடுத்தது. இப்போது குப்பையை ஏஐ எழுதித் தருகிறது. இலக்கணச் சுத்தமான குப்பை, படித்து முடிக்க இரட்டிப்பு நேரம்.

ஆக, எழுதுவதற்கு ஊரே தயார். படிக்கத்தான் ஆளில்லை, படிக்கிறவருக்குக் கூலியுமில்லை. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளுக்கு 2011 டிசம்பர் 31 இரவு ஒரு தன்னார்வலரின் நிரல் உள்ளே போனது. சரிபார்த்தவர் ஒரே ஒருவர். இருவர் கண்ணுக்கும் தப்பிய பிழை 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெயரில் உலகத்தையே உலுக்கியது. வங்கி முதல் மின்வணிகம் வரை பாதி இணையம் பூட்டாகப் பயன்படுத்திய அந்தத் திட்டத்துக்கு அதுவரை ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2000 டாலர். தீப்பிடித்த பிறகுதான் கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் ஃபேஸ்புக்கும் பர்ஸைத் திறந்தன.

திறந்த பர்ஸ் எல்லாப் பக்கமும் எட்டவில்லை. 2022 ஜனவரியில், லாக்4ஜே என்ற திறமூல நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பீதியில், ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் கர்ல் மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்குக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி, 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்றது. அவருக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. லாக்4ஜேக்கும் கர்லுக்கும் சம்பந்தமும் இல்லை. சப்போர்ட் ஒப்பந்தம் போடுங்கள், உடனே சொல்கிறேன் என்றார் மனிதர். அந்தப் பதிலை எல்லாப் பராமரிப்பாளர்களும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் அந்தத் தெம்பு இருப்பதில்லை. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலைப் பின்லாந்துக்காரர் ஒருவர் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளமில்லாத வேலை இது, மனநலமும் நெடுநாளாகச் சரியில்லை என்று 2022-ல் அவரே எழுதினார். வேறு ஆளிடம் கொடு என்று முகமறியாத சிலர் அவரை நெருக்கினார்கள். உதவிக்கு வந்தவன் பெயர் ஜியா டான். திருத்தினான், டெஸ்ட் எழுதினான், கோபப்படாமல் காத்திருந்தான். கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் கம்பெனி எதுவும் அனுப்பாத ஆளாக வந்து நின்றான். சாவியை வாங்கியவன் 2024-ல் சர்வர்களுக்குள் ரகசியமாக நுழையக் கொல்லைக் கதவு வைத்தான். சர்வருக்குள் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஒரு பொறியாளர் நோண்டாமல் இருந்திருந்தால் எத்தனை சர்வர்கள் திறந்து கிடந்திருக்கும்! அவன் யார், யார் சம்பளத்தில் அத்தனை பொறுமை காத்தான் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

கம்பெனிப் பெரியவர்களே, டீ-சர்ட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் எந்தெந்தத் திட்டங்களின் முதுகில் ஏறி ஓடுகிறதோ, அங்கே வந்து குவிந்து கிடக்கும் நிரலைப் படிக்க ஆள் போடுங்கள். அந்த ஆளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுங்கள்.