குடும்பம் யாருக்கு அனுமதி?

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் குடும்பம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பெர்மிட்டின் பெயர். காம்பார் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராக வருபவர் 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' வைத்திருந்து, சம்பளப் பிரிவும் உயர்ந்திருந்தால், மனைவி மக்களுக்கு 'டிபெண்டன்ட் பாஸ்' கிடைக்கும். அதே ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டிச் சானாய் வீச ராமநாதபுரத்திலிருந்து வருபவருக்கு 'பிஎல்கேஎஸ்' என்னும் தற்காலிக வேலை அனுமதிதான். அதில் குடும்பத்துக்கு இடமில்லை; இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது; பெண் தொழிலாளி கருவுற்றால் ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். ரொட்டிக்கு மாவு பிசைபவருக்குப் பாசம் வேலைக்கு இடைஞ்சல் என்பது ஏற்பாடு போலும்.

ரப்பர் காலத்துத் தோட்டத் துரைமார் இந்த விஷயத்தில் தாராளம். அவர்களுக்காக ஆள் சேர்க்கும் கங்காணி, ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகவே ஆள் கூட்டி வந்தார். கப்பல் செலவை இந்தியக் குடியேற்ற நிதி ஏற்றது. கணக்கு எளிது: 1920களின் இறுதியில் பல இடங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மனைவியும் வந்தால் மலிவாக இன்னொரு ஜோடிக் கை. 1938இல் இந்திய அரசு அந்த வரவை நிறுத்தியது.

1969இல் மலேசியக் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கும் வேலை பெர்மிட் கட்டாயமானது. சுமார் 60,000 இந்தியர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். இங்கே பிறந்த பிள்ளைகள் குடிமக்களுக்குரிய நீல அட்டையோடு இங்கேயே நின்ற வீடுகளும் உண்டு. அப்பனுக்கு 'டிபெண்டன்ட்' என்ற தகுதியை மட்டும் எவரும் யோசிக்கவில்லை.