தேர் இரண்டு, தெரு ஒன்று

2017 தைப்பூசத்தில் பினாங்குத் தமிழனுக்கு மாபெரும் முன்னேற்றம் கிடைத்தது. ஒரு தேர் இரண்டானது. 1894 முதல் ஓடும் நகரத்தார் வெள்ளித்தேர் போதவில்லை. இந்து அறப்பணி வாரியம் தங்கத்தேர் இறக்கியது. ஒரே முருகன். ஒரே தண்ணீர்மலை. எந்தத் தேர் முன்னால், எது பின்னால் என்று ஊர் இரண்டுபட்டது. வேலையில் சேர்க்காத முதலாளியிடம் காட்டாத ரோஷத்தை, வீடு வாடகைக்குத் தராதவனிடம் காட்டாத ரோஷத்தை, தேர்ச் சக்கரத்தின்மேல் காட்டினோம்.

ஏறக்குறையப் பத்தாண்டுக்கு முன்னால் இதே ஜனம் எங்கே நின்றது? 2007 அக்டோபர் 30. தீபாவளிக்குப் பத்து நாள்கூட முழுசாய் இல்லை, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25 அன்று பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் தெருவில். ஹிண்ட்ராஃப் என்னும் இந்து உரிமை நடவடிக்கைக் குழுவின் பேரணி. அதற்கு முன்பே பத்துமலைக் கோயில் வளாகத்தில் திரண்டிருந்தவர்கள்மேல் தண்ணீர் பீரங்கி, கண்ணீர்ப்புகை. தீர்த்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் அரசாங்கமே தீர்த்தம் தெளித்தது. டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேர் இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு. விசாரணை? அதெல்லாம் திருடனுக்குத்தான்.

அந்தக் கோபம் கோயிலோடு முடியும் கோபமல்ல. துண்டாடப்பட்ட தோட்டம், மூன்று தலைமுறையாய் இங்கே பிறந்தும் கிடைக்காத அடையாள அட்டை, லாக்கப்பில் சாகும் பையன்கள். எல்லாவற்றுக்கும் சேர்ந்து அழ ஒரு கூரை வேண்டியிருந்தது. கோயில் அந்தக் கூரையானது.

அமெரிக்கக் கறுப்பருக்கும் தேவாலயம்தான் அந்தக் கூரை. 1955இல் மாண்ட்கமரி நகரத்தில் நிறப்பாகுபாட்டை எதிர்த்து பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். 381 நாள். திட்டம் போட்டது, பாடியது, பணம் திரட்டியது எல்லாம் தேவாலயத்தில். 1963இல் பர்மிங்ஹாம் பதினாறாம் தெரு தேவாலயத்தில் வெள்ளை வெறியர் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். எதிரிக்குத் தெரிந்திருந்தது, எந்தக் கட்டடத்துக்குப் பயப்பட வேண்டுமென்று. அங்கும் எல்லாப் போதகரும் வீரரில்லை. பலர் வாயை மூடிக்கொண்டே பிரசங்கம் செய்தவர்கள்தாம். ஆனாலும் காணிக்கைத் தட்டில் விழுந்த காசு, பஸ் ஏறாதவர்களைச் சுமந்த காருக்குப் பெட்ரோலானது. இங்கே உண்டியல் காசு என்ன ஆனதென்று கேட்டுப் பாருங்கள். நாத்திகன் என்று பெயர் கிடைக்கும்.

2008 மார்ச் 8 மலேசியப் பொதுத்தேர்தலில் அறுவடை. சுங்கை சிப்புட்டில் மஇகா தலைவர் சாமிவேலு தோற்றார். பினாங்கில் ஆட்சி மாறியது. பத்து காவானில் முதலமைச்சரையே வீழ்த்திய பேராசிரியர் இராமசாமி இரண்டாம் துணை முதல்வரானார். தெருவில் அடி வாங்கியவனுக்கு விடிந்துவிட்டது என்றார்கள்.

விடிந்ததும் தெரிந்தது கம்போங் புவா பாலா. குளுகோர் அருகே மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் கிராமம். 2009 செப்டம்பரில் தரைமட்டம். முந்தைய அரசு விற்றது. புதிய அரசு வருந்தியது. நீதிமன்றம் சட்டம் பேசியது. அறிக்கைகள் பறந்தன. வேலை பார்த்தது புல்டோசர் ஒன்றுதான். கோயிலை இடித்தவர்களை இறக்கிவிட்டு நாம் ஏற்றியவர்கள், கிராமம் இடிபடுவதைத் துக்க முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கியமான வித்தியாசம், ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்ணன் தம்பி கதை இன்னும் ருசி. 2013 ஏப்ரலில் ஹிண்ட்ராஃப் தலைவர் வேதமூர்த்தி பாரிசான் நேஷனலோடு ஒப்பந்தம் போட்டார். எந்தக் கூட்டணியின் போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்ததோ, அதே கூட்டணி. மே மாதம் துணையமைச்சர். ஜூன் மாதம் அண்ணன் உதயகுமாருக்குத் தேச நிந்தனை வழக்கில் சிறை. தம்பி புத்ராஜெயாவில், அண்ணன் காஜாங் சிறையில். இரண்டுமே அரசாங்கக் கட்டடம்தான். அடுத்த பிப்ரவரியில் தம்பி பதவி விலகினார், ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லையாம். எட்டு மாதத்துக்கு மேல் பிடித்தது தெரிந்துகொள்ள. அந்தத் தெருவில் நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் எட்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்.

தங்கத்தேர் இறங்கியபோது வாரியத் தலைவராய் இருந்தவர் அதே பேராசிரியர் இராமசாமி. 2023இல் கட்சி அவருக்கு சீட் தரவில்லை. அவர் கட்சியை விட்டார். 2025 ஜனவரியில் வாரியப் பணம் தொடர்பாக அவர்மேல் 17 நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டுகள். அவர் மறுத்தார், தீர்ப்பு நீதிபதியின் வேலை. நம் கேள்வி வேறு. தேர் வாங்கினால் சமூகம் உயரும் என்று வாரியத்துக்குத் தோன்றியபோது, கைதட்டியது யார்? நாம்தான். வழக்கு வந்ததும் 'அப்பவே தெரியும்' என்றதும் நாம்தான்.

குகன் 2009இல் லாக்கப்பில் செத்தான். தர்மேந்திரன் 2013இல். எந்தத் தண்ணீர்ப் பந்தலிலாவது இவர்கள் படம் பார்த்ததுண்டா? ஒய்பி படம், அதாவது மக்கள் பிரதிநிதியின் படம் பார்த்திருப்பீர்கள், ஆளுயரத்துக்கு. பக்கத்தில் பலகை அளவு மாதிரிக் காசோலை. அதில் எழுதியிருப்பது நம் வரிப்பணம். சிரிப்பது அவர் பல். தெருவில் தேங்காய் உடைகிறது, மலை மலையாய். குறைத்து உடையுங்கள் என்று பயனீட்டாளர் சங்கம் தொண்டை வறளக் கத்துகிறது. 2007இல் அரசாங்கத்தின்மேல் உடைந்த கோபம், இப்போது பாதுகாப்பாய்த் தார்ச்சாலையில் உடைகிறது. காலையில் நகராண்மை லாரி அள்ளிக்கொண்டு போய்விடும்.

வரும் பூசத்திலும் ஒய்பி வருவார். வேட்டி, மாலை, கும்பிடு. இந்தியர் நலனே தன் மூச்சு என்பார். புவா பாலா எங்கே ஒய்பி என்று யாராவது கேட்கலாம். பந்தலில் குத்துப்பாட்டு அலறும். அவர் காதில் விழாது. பின்னே, அத்தனை ஸ்பீக்கர் எதற்கு?