தபால்தலையில் ஏறாத கப்பல்கள்

காலனி காலத்துத் தபால்தலைகளில் கப்பல் தேடி ஆல்பம் நிரப்புகிற பித்து எனக்கு. நியாயப்படி இந்தப் பித்துக்குத் தலைநகரம் பழவேற்காடாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மூட்டை கட்டும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுதான் அவர்களின் தலைமையிடம்.

கப்பல்கள் வந்தன என்பது பேச்சுக்குத்தான். பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தில் மணல் தட்டும். துரைமார் கடலிலேயே நங்கூரம் போட்டு மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். நம்மூர்க்காரன் அலையில் முங்கி எழுந்து துணிப் பொதியைப் படகில் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்தத் துணி கீழை நாடுகளில் கிராம்பாகவும் ஜாதிக்காயாகவும் மாறும். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். அதைப் படமாகப் போட எந்தத் தபால் துறைக்கும் மனசு வராது.

இத்தனை கப்பல் இருந்தும் ஒரு தபால்தலைகூடத் தேறவில்லை. காரணம், டச்சுக்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது 1825இல். உலகத்தின் முதல் தபால்தலை பிறந்தது 1840இல். பதினைந்தே வருஷம்! இன்னும் கொஞ்சம் கடன்பட்டாவது தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் கடன்படுவதில் அவர்களுடைய கம்பெனி ஏற்கெனவே கரைகண்டு, 1799இலேயே இழுத்து மூடப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. ஆயிரக்கணக்கில் கப்பல் விட்ட அந்த வி.ஓ.சி., உயிரோடு இருந்தவரை தபால்தலையையே பார்க்கவில்லை. இரண்டே கப்பல் வாங்கிச் செக்கிழுத்த நம் வ.உ.சி.க்கு 1972இல் தபால்தலை வந்துவிட்டது.

போர்த்துகீசியர்கள் உஷார் பார்ட்டி. வாஸ்கோ ட காமா வந்து நானூறு வருஷம் ஆனதும், 1898இல் கோவா பக்கத்துத் தங்கள் ராஜ்யத்துக்குக் கப்பல் கப்பலாகத் தபால்தலை அடித்துத் தள்ளினார்கள். ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியிலிருந்து அவருக்கு வழிகாட்டி வந்த மாலுமிக்கு அதில் இடமில்லை. வழி சொன்னவனுக்கு எந்தக் காலத்தில் படம் போட்டார்கள்?

ஆங்கிலேயர்கள் இந்தியத் தபால்தலையில் சாவகாசமாக 1937இல்தான் தபால் கப்பலைப் போட்டார்கள். ஆறணா விலை, பச்சையும் நீலமும் கலந்த நிறம், கூடவே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. என் ஆல்பத்தில் இதுதான் நாயகன். இடுக்கியால் தவிர தொடமாட்டேன்.

இதை எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனது என் புத்தி. கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் ஈர விரலாலேயே லபக்கென்று எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

“நம்ம ஏரிக்குள்ள வராது சார் இது. தரை தட்டிடும்.”

முந்நூறு வருஷச் சரித்திரத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு அவர் ஊருக்குப் பாடு. முறை வைத்து வலை போடும் நாள்.

“எங்க பாடு எங்களுக்கு” என்று தபால்தலையை என் உள்ளங்கையில் ஒட்டிவிட்டுப் போனார். ஆறணாக் கப்பலில் இன்னும் இறால் வாசனை போகவில்லை.