77-வது நிமிடம்

2016 பிப்ரவரி. லிவர்பூல் கால்பந்து கிளப், அடுத்த சீசனில் தன் ஆன்ஃபீல்ட் மைதானத்தின் மெயின் ஸ்டாண்டில் உச்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்றது. ரசிகர்கள் பேரம் பேசவில்லை. சண்டர்லேண்டுடனான ஆட்டத்தில் 77-வது நிமிடம் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்து, ஆயிரக்கணக்கில் நடையைக் கட்டினார்கள். தனியாக நடக்கவேண்டாம் என்று ஆறுதல் சொல்லும் பாட்டு அந்தக் கிளப்புக்கு; அன்றும் யாரும் தனியாக நடக்கவில்லை.

அவர்கள் கிளம்பும்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. முடியும்போது 2-2. கோல்கீப்பரும் மனதளவில் கூடவே கிளம்பிவிட்டாரோ என்னவோ. போனவர்களுக்கு அந்த இரண்டு கோலையும் பார்க்கும் வேதனை மிச்சம்.

நாலே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, பழைய 59 பவுண்டே போதும் என்றார்கள். நல்லவேளை, யாரும் 90 பவுண்டு கேட்கவில்லை. ரசிகர்கள் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதாகியிருக்கும்.