நின்றே கெட்ட பிரேக்

வண்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனை மைல் ஓடியது, எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், எவ்வளவு பாரம் இழுக்கும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். நிற்குமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. "பல வருஷமா நின்னுக்கிட்டேதான் இருக்கு" என்று விற்றவர் உண்மையையே சொல்லியிருப்பார்.

ஒஹாயோவில் எங்கள் வீட்டுப் பின்புறப் புல்தரையில் நிற்கும் அந்த டிராவல் ட்ரெய்லர் 1970களில் செய்தது. ரிவெட் அடித்த அலுமினிய உடம்பு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ், திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குளியலறை. எடை ஏறக்குறைய இரண்டரை டன். சக்கரம் நான்கு உண்டு, எஞ்சின் கிடையாது. இழுக்க ஒரு பிக்கப் ட்ரக் வேண்டும். மலிவாகக் கிடைத்ததே என்று ட்ரெய்லரை வாங்கினோம். பிறகு அதை இழுக்க மலிவாக இல்லாத ட்ரக்கையும் வாங்கினோம்.

இதற்கு இவ்வளவு செலவா என்று கேட்டால் இவர் வரலாறு சொல்ல ஆரம்பித்துவிடுவார். வாலி பையம் 1931இல் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் தொழிற்சாலை 1952 முதல் ஒஹாயோவில் ஜாக்சன் சென்டர் என்ற சின்ன ஊரில்தான் இருக்கிறது, ஆகவே பழைய ட்ரெய்லர் வைத்திருப்பது இந்த மண்ணுக்கு நாம் செய்கிற மரியாதை என்பார். அப்பல்லோ 11இல் நிலாவுக்குப் போய் 1969 ஜூலையில் திரும்பிய மூன்று பேரையும், நிலாக் கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற பயத்தில், மாற்றியமைத்த ஒரு ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லருக்குள்தான் நாசா பூட்டி வைத்தது, ஜனாதிபதி நிக்சனே ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார் என்பார். எல்லாம் உண்மைதான். நானும் படங்களைத் தேடிப் பார்த்தேன். இவர் கவனிக்காத ஒன்று என் கண்ணில் பட்டது. அந்த ட்ரெய்லருக்குச் சக்கரமே இல்லை. சரக்கு மாதிரி ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். சக்கரம் இல்லையென்றால் பிரேக் இல்லை, பிரேக் இல்லையென்றால் ரிப்பேர் இல்லை. நாசாவில் விவரமானவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இங்கே பெரும்பாலான ட்ரெய்லர்களுக்கு டிரம் பிரேக்தான். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். ட்ரக்கில் பிரேக்கை அழுத்தினால் அதற்குக் கரண்ட் போகும். காந்தம் சுழலும் டிரம்மோடு ஒட்டி, ஒரு நெம்புகோலை இழுத்து, பிரேக் ஷூவை விரிக்கும். அவ்வளவுதான். எங்கள் ட்ரெய்லருக்கு அந்த எளிமை கொடுத்து வைக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க ஹைட்ராலிக் அழுத்தம் வேண்டும். அந்தக் காலத்தில் இழுத்துப் போகும் காரின் எஞ்சினிலிருந்து வேக்குவம் எடுத்து அதைச் சமாளித்திருக்கிறார்கள். பிற்பாடு யாரோ அதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கரண்டில் ஓடும் ஒரு பம்பை முன்பக்கம் பொருத்தியிருக்கிறார்கள். ட்ரக்கில் பிரேக் மீது கால் பட்டதும் அந்தப் பம்பு முனகிக்கொண்டே சதுர அங்குலத்துக்கு 1600 பவுண்டு வரை அழுத்தத்தை ஏற்றும்.

யாரோ என்று நான் சொன்னது முந்தைய ஓனரை. பழைய ட்ரெய்லர் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு முந்தைய ஓனர் உண்டு. கோணலாக ஏறிய திருகு, டேப் சுற்றிய ஒயர், எங்கிருந்தோ புறப்பட்டு எங்கும் போய்ச் சேராத குழாய் எல்லாம் அவர் கைவண்ணம். இவர் அவரைத் திட்டாத சனிக்கிழமை கிடையாது. நாளைக்கு இதை நாம் விற்றால் நீங்களும் முந்தைய ஓனர்தானே என்று ஒருநாள் கேட்டு வைத்தேன். அன்று ராத்திரி வரைக்கும் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை.

நாமக்கல்லிலிருந்து மாமா வந்திருந்த நேரம் அது. லாரித் தொழிலிலேயே தலை நரைத்தவர். புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகன் பிரேக் விளக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம லாரியில காத்து போச்சுன்னா ஸ்பிரிங்கு வந்து புடிச்சுக்கும், வண்டி நின்னுபோகும். இதுல ஆயில் போச்சுன்னா?"

"பிரேக் பிடிக்காதுப்பா."

மாமா என் பக்கம் திரும்பினார். "பாத்துக்க அம்மிணி. இதைப் போயி காசு குடுத்து வாங்கியிருக்கறான்."

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும், அதில் சொருகிய பின்னும், பின்னிலிருந்து ட்ரக்குக்குப் போகும் மெல்லிய கம்பியும் இருக்கின்றன. ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுகொண்டால் கம்பி பின்னைப் பிடுங்கிவிடும். ட்ரெய்லரில் இருக்கும் பேட்டரி பம்பை ஓட்டி, வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். இதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மாமா தலையாட்டினார்.

"நல்ல ஏற்பாடுதான். பேட்டரியில சார்ஜ் இருக்குதா?"

இவர் ஒன்றும் பேசாமல் சார்ஜரைத் தேடிக்கொண்டு கராஜுக்குள் போனார்.

கோளாறு வெளியே வந்தது ஹாக்கிங் ஹில்ஸ் காடுகளுக்குப் போய்த் திரும்பும் வழியில். ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தியதும் இவர் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாக நீட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் டாய்லெட்டுக்குப் போகும் நேரத்தில் எங்கள் குடும்பம் சக்கரத்துக்குக் காய்ச்சல் பார்க்கும். மூன்று சக்கரம் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தன. பின் அச்சில் இடது சக்கரம் 180ஐத் தாண்டியிருந்தது. கருகிய வாடை வேறு. பிரேக் போடாமலே அந்தச் சக்கரம் வழி முழுக்கப் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, அச்சைத் தொடாமல் சட்டத்தில் முட்டுக் கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே தனி உலகம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. விரல் நுனியில் உருட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லாத சமாச்சாரம். ஆனால் டிஸ்க் பிரேக்கின் மொத்த நாணயமும் அதில்தான். பிஸ்டன் வெளியே போகும்போது வளையம் அதோடு சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் முறுக்கு விட்டு, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது அந்த மயிரிழையில்தான். வேறு ஸ்பிரிங் எதுவும் இல்லை. ஆயில் ஒழுகாமல் காப்பதும் அதே வளையம்தான். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை.

எங்கள் பிஸ்டனில் அந்த வளையத்துக்கு வெளியே ஒரு துருப் பட்டை ஓடியிருந்தது. நகத்தால் தடவினால் பொடிப்பொடியாகப் பள்ளம் தட்டியது. தூசி நுழையாமல் இருக்க வேண்டிய ரப்பர் உறை கிழிந்து, அந்த ஓரத்தில் குளவி ஒன்று சேற்றை அப்பிக் கூடு கட்டியிருந்தது. காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர உதவும் இரண்டு ஸ்லைடு பின்களும் அசையவில்லை. பின்னே பிஸ்டன் எப்படித் திரும்பி வரும்?

இங்கேதான் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. இந்த பிரேக் ஓடித் தேயவில்லை. பேடில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நின்று நின்றுதான் கெட்டிருக்கிறது. பிரேக் ஆயில் சும்மா இருக்கும்போதே காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். புது டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பம்பு அமுக்குவது ஆவியைத்தான். அதே தண்ணீர்தான் குழாய்க்குள்ளும் பிஸ்டனிலும் துருவைக் கிளப்புகிறது. டிஸ்க்கும் நின்ற இடத்தில் பேடோடு துருவால் ஒட்டிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் டிஸ்க்கைப் பேட் துடைத்துக்கொண்டே இருக்கும். பின்களும் பிஸ்டனும் அசைந்துகொண்டே இருக்கும். வண்டியை நிறுத்துவதற்கென்று படைக்கப்பட்ட ஒரு பொருளை நிறுத்தி வைத்தால் அதற்கு ஆகாது.

காலிப்பர் வாங்க உதிரிபாகக் கடைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வருஷம்? கம்பெனி? மாடல்? எஞ்சின்?"

"எஞ்சின் கிடையாது."

"எஞ்சின் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாதே."

"ட்ரெய்லருக்கு எஞ்சின் இருக்காதுப்பா."

"ஏதாவது ஒன்று சொல்லுங்கள், போட்டுக்கொள்கிறேன்."

கடைசியில் இவர் பையிலிருந்து துருப்பிடித்த காலிப்பரை எடுத்து கவுன்டரில் வைத்தார். பையன் உள்ளே போய் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தான். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. காலிப்பரைத் திருப்பிப் பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்து, 1970களின் ஜி.எம். கார் ஒன்றின் கதையைச் சொல்லி, அதன் காலிப்பரை எடுத்துக் கொடுத்தார். பொருந்தியது. பில்லில் இன்னொரு தொகையும் இருந்தது. சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டுவதுபோல, பழைய காலிப்பரைக் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும் தொகை. அந்தத் துருப் பிண்டத்துக்கு எங்களைத் தவிர இன்னொருவர் மதிப்பு வைத்திருக்கிறார் என்பதில் இவருக்கு அவ்வளவு பெருமை.

பின் அச்சின் இரண்டு காலிப்பரையும் மாற்றி, ஸ்லைடு பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவி முடித்தாயிற்று. அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. காரென்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கலாம். ட்ரெய்லரில் பெடல் ஏது? கொக்கிக்குப் பக்கத்துப் பெட்டியில் சொருகிய அந்தப் பின்னைப் பிடுங்கினால் பம்பு ஓடும், சொருகினால் நிற்கும். நான் பின்னுக்கு, இவர் சக்கரத்துக்கு. பம்பிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி, காலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் விட வேண்டும்.

"புடுங்கு!"

பிடுங்கினேன். பம்பு அலறியது.

"சொருகு! சொருகுன்னு சொல்றேன்ல!"

"டேங்க்ல ஆயில் இறங்குதுங்க!"

"ஊத்து! காத்தை உள்ள விட்டுறாத! புடுங்கு!"

பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் எட்டி, ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று மெதுவாக விசாரித்தார். தமிழ் தெரியாதவர் காதுக்கு ஏர் எடுப்பதும் கொலை விழுவதும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

நான்கு சக்கரத்திலும் குமிழே இல்லாமல் ஆயில் வந்தது. ஆனாலும் பிரேக் மெத்தென்றே பிடித்தது. மறுபடி எடுத்தோம். மறுபடி மெத்து. இவர் பம்பைச் சந்தேகப்பட்டார். மாமா வடிவமைப்பையே சந்தேகப்பட்டார். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தபோது, பின் அச்சில் நிப்பிள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும், முன் அச்சில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

"ஏனுங்க, காத்து மேல போகுமா, கீழ போகுமா?"

"மேலதான். இதென்ன கேள்வி?"

"அப்பறம் கீழ இருக்கற ஓட்டையில அதை எப்படிங்க புடிப்பீங்க?"

ட்ரெய்லருக்கு அடியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு உறுமல் வந்தது. "முந்தைய ஓனர்!" இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கமும், வலப்பக்கக் காலிப்பரை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறார் அந்த மகானுபாவர். மாட்டினால் மாட்டும், பிரேக்கும் அரைகுறையாகப் பிடிக்கும், மேலே தங்கின காற்று மட்டும் ஜென்மத்துக்கும் வெளியே வராது. இரண்டையும் இடம் மாற்றி மாட்டியதும் குமிழ் குமிழாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. பிரேக் கல்லுமாதிரி நின்றது. மாமா முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "பரவாயில்லையே" என்றார். யாரைச் சொன்னார் என்று நானும் இவரும் இன்றுவரை சண்டை போடுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் சட்டம் போட்டாயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரெய்லரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். போவதற்கு இடம் எதுவும் கிடையாது. காலியான பார்க்கிங் லாட்டில் போய் நிற்பது, கிளம்புவது, நிற்பது, திரும்பி வருவது. போன ஞாயிறு கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா கையசைத்து, எந்த ஊருக்கு கேம்பிங் என்று கேட்டார். முன் சீட்டிலிருந்த மாமா கண்ணாடியை இறக்கி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார்:

"நோ கேம்பிங். ஒன்லி பிரேக்."