ஒரு கைப்பிடி மணல்

சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஐப்பசி வெள்ளம் வடிந்து ஆறு கணுக்கால் அளவுக்குத் தெளிந்துவிட்டால் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கரையில் போட்டுவிட்டு, ஆளுக்கு இரண்டு முனையாகப் பழைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு மணலை ஒட்டியே அரித்துப் போவோம்; தூக்கினால் தண்ணீர் வடிய வடிய, விரல் நீளத்துக்கு அயிரைகள் நெளியும்.

உள்ளங்கையில் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மணலின் அதே நிறம், விலாவில் வரிசையாகக் கரும்புள்ளி, வாயோரம் குட்டி மீசை. இறுக்கிப் பிடித்தால் கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்திருக்கும் முள்ளால் சுருக்கென்று குத்தும். நழுவவிட்டால் நொடியில் மணலுக்குள் புகுந்துகொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும்.

அப்பத்தா அவற்றை உயிரோடு மண்சட்டியில் விட்டுப் பால் ஊற்றுவாள், வயிற்று மண்ணைக் கக்கிவிடுமாம். பிறகு கல்லுப்புப் போட்டு, வழவழப்புப் போகும்வரை சட்டியோடு உரசி உரசி அலசுவாள். அந்தக் குழம்பை மறுநாள் காலையில் பழைய சோற்றோடு சாப்பிட்டவன் நான். இன்று ஆட்டுக்கறியை மிஞ்சிய விலை சொல்லி ஓட்டலில் கிண்ணத்தில் வைக்கும்போது முதல் வாயிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

1959-இல் மேலே வைகை அணை வந்துவிட்டது. நாங்கள் அயிரை பிடித்ததெல்லாம் அதற்கும் பிறகுதான். அணை வந்தபின்னும் மணல் இருந்தது, கோடையில் கையால் தோண்டினாலே ஊற்று சுரந்தது. அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிப் போனார்கள். இன்று அதே இடத்தில் களிமண் தெரிகிறது, சீமைக்கருவேலம் நிற்கிறது, சாக்கடை தேங்கிய குட்டையில் ஜிலேபிக் கெண்டை துள்ளுகிறது. அயிரைக்கு மணல்தான் மெத்தை, மணல்தான் போர்வை, இரை தேடுவதும் அதற்குள்தான்.

போன மாதம் பேத்திக்காக மதுரையில் வண்ணமீன் கடைக்குப் போனேன். ஒரு தொட்டியின் அடியில், நீலமும் சிவப்புமான கூழாங்கற்களுக்கு இடையே நாலைந்து அயிரைகள். ஒன்று தலையைக் கல்லிடுக்கில் செருகிச் செருகிப் பார்த்தது. புதைய முடியவில்லை, மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் போய் முட்டியது.

"தம்பி, இதுக்கு ஒரு கைப்பிடி ஆத்து மணல் போட்டு விடுங்களேன்" என்றேன்.

"ஆத்து மணலுக்கு எங்க சார் போறது? எம்-சாண்ட் வேணா இருக்கு" என்றான்.